கால் எரிச்சலுக்கு ஒளி சிகிச்சை: பணம் கட்டுவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாத விஷயங்கள்

இரவில் பாதம் எரிந்து தூங்க முடியாமல் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேசர், சிவப்பு விளக்கு, அகச்சிவப்புப் பட்டை என்று பல பெயர்களில் வரும் ஒளி சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு வருஷத்தையும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் பணத்தையும் கொடுத்திருக்கிறேன். பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன், வலி கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் அவ்வளவு காலமும் என் நரம்பு எதனால் கெடுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. வலி குறைகிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழிகாட்ட யாரும் இல்லாமல், யாரைக் கேட்பது என்றும் தெரியாமல் நான் பட்ட அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

எனக்கு முதலில் வந்தது வலி இல்லை, மதமதப்பு. விரல் நுனிகள் மரத்துக் கிடக்கும், செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன். சில மாதங்களில் அது உள்ளங்காலுக்கு ஏறி எரிச்சலாக மாறியது. பகலில் வேலை ஓட்டத்தில் தெரியாது, படுத்தால் ஆரம்பிக்கும். போர்வை உரசினால்கூடத் தாங்காது, சுருக் சுருக்கென்று குத்தும். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மருத்துவரிடம் போனபோது "சர்க்கரை இருந்தா இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்று சொல்லி நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி அடங்கியது, ஆனால் காலையில் எழுந்தால் தலை கனக்கும், வேலையில் கவனம் நிற்காது. மாத்திரை இல்லாமல் வேறு வழி உண்டா என்று தேடத் தொடங்கியபோதுதான் நரம்பைப் புதுப்பிக்கும் லேசர் என்ற விளம்பரங்கள் கண்ணில் பட்டன. தூக்கமில்லாமல் நடு ராத்திரியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த வார்த்தைகள் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் போன மையத்தில் என்னை உட்கார வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்பது. எட்டு என்றேன். குறித்துக்கொண்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தேன், நடக்கும்போது தடுமாறுகிறேனா என்று எதுவும் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. நேராகப் பல அமர்வுகளுக்குச் சேர்த்து ஒரு தொகுப்புக் கட்டணம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பாது. கட்டினேன். கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா மாதிரி ஒரு முனையைப் பாதத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார்கள். இதமான சூடு. வருஷக்கணக்கில் எரிச்சலை மட்டுமே தந்துகொண்டிருந்த காலில் ஒரு சுகமான உணர்வு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சில வாரங்களில் எட்டு ஆறானது, அப்புறம் ஐந்தானது. தூக்கம் வந்தது. தொகுப்பு முடியும் தறுவாயில் "நரம்பு இப்பதான் உயிர் பிடிக்குது, விட்டுடாதீங்க" என்றார்கள். அடுத்த தொகுப்புக்கும் கட்டினேன்.

இந்தச் சிகிச்சை மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. 1903-ல் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்ததே ஒளியைக் கொண்டு தோல் காசநோயைக் குணப்படுத்தியதற்காகத்தான். 1960-களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முடி மழித்த எலிகளின் மேல் குறைந்த சக்தி லேசரைக் காட்டியபோது, ஒளி பட்ட இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்ததைக் கவனித்தார். இன்றைய குறைந்த சக்தி லேசர் சிகிச்சை அங்கிருந்து கிளைத்ததுதான். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சி செல்லின் வேலையைத் தூண்டுகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. ஆக, ஒளிக்கு உடம்பில் வேலை உண்டு. கெட்டுப்போன கால் நரம்பை அது சரிசெய்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் இந்த அளவுக்குத் தெம்பாக இல்லை.

இதைப் பற்றி நான் படித்தது பணமெல்லாம் போன பிறகுதான், அதனால் நீங்கள் முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். 890 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி தரும் பட்டைகளைச் சர்க்கரை நோயாளிகளின் காலில் கட்டிப் பார்த்த ஆய்வுகள் டயபெட்டிஸ் கேர் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கின்றன. 2005-ல் வந்த ஆய்வில் 39 பேர். பாதிப்பேருக்கு உண்மையான ஒளி, மீதிப்பேருக்கு அதே பட்டை, ஆனால் ஒளி வராது. பாதத்தின் தொடு உணர்வு இரண்டு கூட்டத்துக்கும் முன்னேறியது, இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2008-ல் வந்த ஆய்வில் 69 பேர், வீட்டிலேயே 90 நாள் தினமும் பயன்படுத்தினார்கள், அதிலும் போலிப் பட்டையைவிட உண்மையானது எந்த விதத்திலும் மேலாக இல்லை. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு இந்த அகச்சிவப்புக் கருவிகளை நரம்புக் கோளாறுக்குப் பயன்படுத்தினால் பணம் தருவதில்லை என்று 2006-லேயே முடிவெடுத்துவிட்டது. லேசரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வலி குறைந்திருப்பதாக வந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவற்றில் பலவும் கொஞ்சம் பேரை வைத்துக் குறுகிய காலம் செய்தவை. ஒளியே வராத பட்டையைக் கட்டியவர்களுக்கும் உணர்வு முன்னேறியது என்பதை மட்டும் மறக்காதீர்கள். யாராவது "எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குணம்" என்று சொன்னால், ஒளி இல்லாமல் அதே நேரம் அதே கவனிப்புக் கிடைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

இரண்டாவது தொகுப்பு நடுவில் இருக்கும்போது, வீட்டில் இருக்கும் நாட்களிலும் விட்டுவிடக்கூடாது என்று சொல்லி அதே மையத்தில் ஒரு பட்டைக் கருவியை வாங்க வைத்தார்கள். காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு நாள் என் கணவர்தான் என் குதிகால் பக்கத்தில் கொப்புளத்தைப் பார்த்து "என்ன இது, எப்ப சுட்டுக்கிட்டே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பட்டை அரை மணி நேரமும் அந்த இடத்தைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு லேசான இதமாக மட்டும்தான் பட்டது. மரத்த காலில் சூடு வரக்கூடிய எந்தக் கருவியையும் கட்டக்கூடாது என்று கூட வந்த காகிதத்தில் ஒரு வரி இல்லை, விற்றவர்களும் சொல்லவில்லை.

அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போடப் போன இடத்தில்தான் என் கதை திரும்பியது. அங்கிருந்த செவிலியர் கட்டை அவிழ்ப்பதற்கு முன் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "பாதத்தில தொடுவேன், தொடுறது தெரியும்போது சொல்லுங்க." கையில் ஒரு நைலான் இழை வைத்திருந்தார், மீன் பிடிக்கும் நரம்பு போல இருக்கும். மோனோஃபிலமெண்ட் என்பார்கள், பத்து கிராம் அழுத்தம் வரும்போது அது வில்லாக வளைந்துவிடும். அந்த அழுத்தம்கூடத் தெரியவில்லை என்றால் பாதத்தில் காயம் பட்டாலும் தெரியாது என்று அர்த்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். குதிகாலில் ஒரு முறை தெரிந்தது, நடுப்பாதத்தில் ஒரு முறை. அப்புறம் ஒன்றும் இல்லை. "ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன். "முடிச்சிட்டேம்மா" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் இழை என் கட்டைவிரல் மேல் வளைந்து நின்றுகொண்டிருந்தது. அப்போது வயிற்றைப் பிசைந்த அந்தப் பயத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. நரம்பு உயிர் பிடிக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்களே, என் விரல்களில் உணர்வே போயிருந்தது.

இதுதான் நீங்கள் எல்லாவற்றுக்கும் மேலாகப் புரிந்துகொள்ள வேண்டியது. வலி குறைவதும் நரம்பு தேறுவதும் ஒன்றல்ல. ஒளியின் இதத்தில் வலி குறையலாம், மாத்திரையில் குறையலாம், நம்பிக்கையில் குறையலாம், நரம்பு முற்றிலும் செத்து சமிக்ஞை அனுப்புவதையே நிறுத்திவிட்டாலும் குறையும். பத்துக்கு எத்தனை என்ற கேள்வியால் இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் எந்தச் சிகிச்சை தொடங்கினாலும் முதல் நாளே மோனோஃபிலமெண்ட் சோதனையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் எலும்பில் வைத்துப் பார்க்கும் அதிர்வுச் சோதனையும் செய்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். சில நிமிஷ வேலை. மூன்று மாதம் கழித்து அதே இடங்களில் அதே சோதனை. அதற்குச் சம்மதிக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

செவிலியர் உடனே மருத்துவரிடம் அனுப்பினார், அவர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, "பி12 எப்ப பார்த்தீங்க?" பார்த்ததே இல்லை. மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிட்டால் உடம்பு வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இது அடிக்கடி வரும் பக்கவிளைவு என்றே அறிவித்து, அறிகுறி இருப்பவர்களுக்கு அளவு பார்க்கச் சொன்னது. எனக்கு மிகவும் குறைந்திருந்தது. பி12 இல்லாமல் கெடும் நரம்பும் சர்க்கரையால் கெடும் நரம்பும் நோயாளிக்கு ஒரே மாதிரிதான் தெரியும், அதே மதமதப்பு, அதே எரிச்சல். ஆனால் பி12 குறைவை ஊசியால் சரிசெய்ய முடியும், சீக்கிரம் பிடித்தால் நன்றாகவே சரியாகும், தாமதித்தால் சேதம் நிரந்தரமாகவே நின்றுவிடலாம். எனக்குப் போனது அந்த நேரம்தான். பணத்தை எப்படியோ சம்பாதித்துக்கொள்ளலாம்.

அதனால் பாத எரிச்சல், மதமதப்பு என்று வந்தால் விளக்கைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, பி12, தைராய்டு, சிறுநீரகம், ரத்தத்தில் புரதப் பரிசோதனை, இவை வழக்கமாகப் பார்ப்பவை. பி12 எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் என்று இன்னொரு சோதனை தெளிவுபடுத்தும். மது, கீமோதெரபி, அக்கி வந்த வரலாறு, முதுகுத்தண்டில் அழுத்தம் இதெல்லாமும் காரணமாகலாம். முதுகில் அழுந்தும் நரம்புக்குப் பாதத்தில் ஒளி காட்டி என்ன பயன், யோசித்துப் பாருங்கள். நரம்பில் மின் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை இயல்பாக வந்துவிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அதை அப்படியே ஏற்காதீர்கள். அந்தச் சோதனை பெரிய நரம்பிழைகளைத்தான் அளக்கும், எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகளின் கோளாறு அதில் தெரியாது, அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, காரணம் தெரிந்து அதற்கு வைத்தியமும் நடக்கும்போது, வலிக்குத் துணையாக ஒளியை முயன்று பார்க்க ஒருவர் நினைத்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் கருவியைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தனை விளக்கு, இத்தனை வாட் என்று பெட்டியில் போட்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை. தெரிய வேண்டியது இரண்டு: அலைநீளம் எவ்வளவு, தோல் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் விழுகிறது. சிவப்பில் 630 முதல் 670 நானோமீட்டர் வரையும், அகச்சிவப்பில் 800-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் பயன்படுத்துகிறார்கள். மில்லிவாட்டை நொடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் கணக்கில் அளவு கிடைக்கும், அதாவது 50 மில்லிவாட் விழும் கருவியை 100 நொடி வைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல். இந்தக் கணக்கை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், என்னிடம் விற்றவருக்குத் தெரியவில்லை. கூடுதலாகக் காட்டினால் கூடுதல் பலன் என்பதும் இல்லை, ஒரு அளவுக்கு மேல் போனால் பலன் குறையும் என்பது இந்தத் துறையில் பலரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஒளி தோலின் முதல் சில மில்லிமீட்டரிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். கருத்த தோலில் மெலனின் அதிகம் என்பதால் ஒளியை மேலேயே உறிஞ்சிக்கொண்டு சூடாகும், அதனால் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும், முக்கியமாக அதிக சக்தி லேசரில். அரை வாட்டுக்கு மேல் போனால் அது நான்காம் வகுப்பு லேசர், தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும். அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை தானாக மூடாது. உங்களுக்குத் தரும் கண்ணாடியில் அந்த லேசரின் அலைநீளம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி மாட்டுங்கள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பெயரைப் போட்டு விற்பார்கள். பதிவு செய்யப்பட்டது என்றால் நிறுவனம் தன் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வகை விளக்குகள் பலவற்றுக்கு அனுமதி கிடைத்திருப்பது தசை, மூட்டு வலியைத் தற்காலிகமாகக் குறைக்கவும் அந்த இடத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டவும்தான். எதற்கு அனுமதி என்ற வரியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தின் மேலும், கர்ப்பிணிகளின் வயிற்றின் மேலும் காட்டக்கூடாது. வெயில் பட்டால் தோல் சிவக்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. "லேசர் வேலை செய்யுது, இனி அந்த மாத்திரை எதுக்கு" என்று அந்த மையத்தில் சொன்னார்கள். பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், படபடப்பு எல்லாம் வரும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பே வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டு. மயக்கம் தாங்கவில்லை என்றால் டுலோக்சிடின், அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன, அளவையும் நேரத்தையும் மாற்றலாம். எனக்கு இரவு ஒரு வேளை மட்டும் என்று மாற்றிக் கொடுத்ததுமே பகல் தெளிந்துவிட்டது.

இப்போது எனக்கு பி12 ஊசி போகிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருக்கிறது. நடுப்பாதத்தில் உணர்வு முன்பைவிட நன்றாகத் திரும்பியிருக்கிறது, இழையை வைத்துப் பார்த்தே சொன்னார்கள். விரல் நுனிகளில் இன்னும் வரவில்லை. நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், காலின் கடைக்கோடிக்கு வந்து சேர நாளாகும், முழுதாக வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று நரம்பியல் மருத்துவர் நேராகவே சொன்னார். அந்த நேர்மைதான் எனக்கு அதிக தெம்பு கொடுத்தது. பட்டைக் கருவியை எடுத்து வைத்துவிட்டேன். தினமும் படுக்கப் போகும் முன் கையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்கிறேன், தண்ணீர் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகுதான் காலை வைக்கிறேன். உங்களுக்கும் கால் மரத்திருந்தால் இன்றைக்கே இதைத் தொடங்கிவிடுங்கள். சில நாட்களுக்குள் கால் பலம் இழந்து அது மேலே ஏறிக்கொண்டே போனாலோ, தொடைகளுக்கு நடுவில் உணர்வு போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, பாதத்தில் புண் கருத்தாலோ நாற்றம் வந்தாலோ, எந்த மையத்தையும் நம்பிக் காத்திருக்காமல் அந்த நிமிஷமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.